றிஃப் உங்களுடையது, பாட்டு ஆருடையது?

பேஸ் கிற்றார் (அடிச்சுரம் வாசிக்கும் கிற்றார்) பற்றி இந்தப் பக்கத்தில் எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. மெற்றல் (கிற்றாரை உரக்க, கனமாக வாசிக்கும் றொக் இசை) குழுவில் பாட்டை ஆர் எழுதுவது, எழுதியவர் என்று ஆருடைய பெயரைப் போடுவது? யாழ்ப்பாணத்தில் சொந்தப் பாட்டுச் செய்யும் பெடியள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். இம்முறை முழுப் பக்கமும் அவர்களுக்குத்தான். புதியவர்களுக்கு ஒன்று: றிஃப் என்பது பாட்டில் திரும்பத் திரும்ப வரும் சிறு கிற்றார்த் துண்டு.

*

கேள்வி: அக்கா, நாங்கள் நாலு பேர். நான் கிற்றார். றிஃப் எல்லாம் நான்தான் வீட்டில செய்து கொண்டு போறனான். பாடகர் சொல்லுகளை எழுதி, அதை எப்பிடிப் பாடுறது எண்டதையும் அவரே பாக்கிறார். முதல் பாட்டை யூரியூப்பில போட்டம். எழுதினது எண்டு அவற்ற பெயர் மட்டும்தான் கிடக்கு. கேட்டா, 'பாட்டு எண்டாச் சொல்லுத்தானே' எண்டுறார். இப்ப றம்ஸ் அடிக்கிறவரும், நடுவில வேகத்தைப் பாதியாக்கினது தான், தன்ர பெயரும் வேணும் எண்டு நிக்கிறார். பேஸ் வாசிக்கிறவர் ஒண்டும் கேக்கேல்லை, ஆனா முகம் சரியில்லை. என்ன செய்யிறது? (கொக்குவில் வாசகர்)

பதில்: தம்பி, நீங்கள் அனுப்பிய பாட்டைக் கேட்டேன். முதல் றிஃப் வந்து விழுகிறபோதே உடம்பு நிமிர்ந்துவிடுகிறது. அதைச் செய்தவரின் பெயர் இல்லாமல் அந்தப் பாட்டு வெளியில் உலாவக் கூடாது. யூரியூப்பில் உள்ள குறிப்பை இன்று பின்னேரமே மாற்றச் சொல்லுங்கள். மிச்சத்தைப் பிறகு கதைக்கலாம்.

உங்கள் பாடகர் கெட்ட எண்ணத்தில் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார். எல்லாரும் சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்கள். அங்கே 'பாடல்' என்றால் சொல் எழுதிய கவிஞர், 'இசை' என்றால் மெட்டமைத்தவர். வாசித்தவர்களின் பெயர் பெரும்பாலும் வெளியே வராது. அந்தப் பழக்கத்தை மெற்றலுக்குக் கொண்டுவந்தால் குழப்பம்தான். மெற்றல் பாட்டில் பாடகர் வாய் திறக்க முன்னரே பாட்டின் குணம் தீர்ந்துவிடுகிறது. எந்த வேகம், எந்தச் சுருதி, எங்கே நிறுத்தம், எங்கே இடி என்பதெல்லாம் றிஃபில் இருக்கிறது. இங்கே றிஃப் செய்வதும் பாட்டு எழுதுவதுதான்.

பிளாக் சபாத் என்ற மெற்றல் குழுவைப் பாருங்கள். இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமில் இருந்து வந்த அந்த நாலு பேரின் முதல் இசைத்தட்டு 1970 இல் வெளிவந்தது. றிஃப் ரொனி ஐயோமியினுடையது. சொற்களில் பெரும்பகுதியை எழுதியவர் பேஸ் வாசித்த கீசர் பட்லர். பாடிய ஒஸி ஒஸ்போர்ன் அந்தச் சொற்களைத் தன் குரலில் ஏற்றினார். பில் வோட் றம்ஸ். அந்தக் காலத்துப் பாட்டுகளில் பெரும்பாலும் நாலு பெயரும் சேர்ந்தே கிடக்கும். ஆர் எதைச் செய்தார் என்று பிரிக்கவில்லை.

ஐயன் மெய்டன் குழு போன வழி வேறு. 1975 இல் குழுவைத் தொடங்கிய ஸ்ரீவ் ஹரிஸ் பேஸ் வாசிப்பவர். அதிகம் எழுதியவரும் அவர்தான். ஆனாலும் அங்கே ஒவ்வொரு பாட்டுக்கும் அதில் கை வைத்தவர்களின் பெயர் மட்டும் வரும். 1984 இல் வந்த 'பவர்ஸ்லேவ்' இசைத்தட்டை எடுத்தால் ஹரிஸ் தனியாக எழுதிய பாட்டும் இருக்கிறது, பாடகர் புரூஸ் டிக்கின்ஸன் தனியாக எழுதியதும் இருக்கிறது, கிற்றார் வாசிக்கும் ஏட்றியன் ஸ்மித்தும் டிக்கின்ஸனும் சேர்ந்து எழுதியதும் இருக்கிறது. ஒரு பாட்டு உங்களுக்குப் பிடித்தால் அது ஆருடைய கை என்று உடனே தெரிந்துவிடும்.

இரண்டில் எது நல்லது என்றால், பெயருக்கு மெய்டனின் வழி, காசுக்குச் சபாத்தின் வழி என்பேன். பெயர் உண்மையைச் சொல்ல வேண்டும். செய்யாதவரின் பெயரைப் போட்டால் செய்தவரின் பெயருக்கு மதிப்பில்லாமல் போகும். காசு அப்படியில்லை. அது நாலு பேரையும் ஒன்றாக வைத்திருப்பதற்கு. நாலாகப் பிரியுங்கள். இந்த இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் குழுக்கள் உடைகின்றன. கொழும்பில் நான் பேஸ் வாசித்த காலத்திலும் அதைப் பார்த்தேன், இங்கே என்னிடம் பழக வரும் பிள்ளைகளிடமும் பார்க்கிறேன்.

குயீன் குழு மெற்றல் இல்லை, ஆனாலும் அவர்களுடைய கதை உங்களுக்கு உதவும். 1975 இல் 'பொஹீமியன் றப்சொடி' சிறு இசைத்தட்டாக வந்தபோது மறுபக்கத்தில் இருந்தது றம்ஸ் அடித்த றொஜர் ரெய்லர் எழுதிய பாட்டு. தட்டு ஒன்று விற்றால் முன்பக்கப் பாட்டை எழுதிய பிறெடி மேர்க்குறிக்குக் கிடைத்த அதே எழுத்துப் பங்கு மறுபக்கத்துக்கும் போனது. எந்தப் பாட்டைச் சிறு தட்டாகப் போடுவது என்பது அதோடு காசுச் சண்டையாகிவிட்டது. கடைசியில் 1989 இல் 'த மிறக்கிள்' இசைத்தட்டில் இருந்து, ஆர் எழுதினாலும் 'குயீன்' என்றே போடுவோம் என்று முடிவெடுத்தார்கள். சண்டை தீர்ந்தது. ஆனால் எது ஆருடைய பாட்டு என்பது தட்டில் இருந்து மறைந்துவிட்டது. காசை மட்டும் சமமாக்கிப் பெயரை விட்டுவைத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

இனி றம்ஸ் அடிப்பவர். மெற்றாலிக்கா குழுவின் 1991 இசைத்தட்டின் முதல் பாட்டு 'என்ரர் சான்ட்மன்'. றிஃபைக் கொண்டுவந்தவர் கிற்றார் வாசிக்கும் கேர்க் ஹமெற். அதன் முதல் துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்துவிட்டு வாலைக் கடைசியில் மட்டும் போடு என்றவர் றம்ஸ் அடிக்கும் லார்ஸ் உல்றிச். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த உருவம் அப்படித்தான் வந்தது. பாடகர் ஹெற்பீல்ட், உல்றிச், ஹமெற் என்று மூன்று பெயரும் அதில் இருக்கின்றன. உல்றிச் ஒரு சுரமும் எழுதவில்லை, ஆனாலும் அவர் சொன்னது அடுக்கை, அதாவது எந்தத் துண்டுக்குப் பிறகு எது வருகிறது என்பதை, மாற்றியது. மெற்றலில் அடுக்கு பாட்டின் எலும்பு.

உங்கள் பாட்டில் நடுவில் வேகம் பாதியாகும் இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அந்த யோசனை அவருடையது. அதற்காக உங்கள் றிஃபையும் நீட்டியிருக்கிறீர்கள். ஆகவே 'இசை' என்ற இடத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் அவருடைய பெயரும் வர வேண்டும். மற்றப்படி அவர் நன்றாக அடித்தார் என்பதற்காகக் கேட்டிருந்தால் நான் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். நன்றாக வாசித்ததற்கு வாசித்தவர்கள் வரிசையில் பெயர் உண்டு. பாடகர் சொல்லுக்கும் குரல் மெட்டுக்கும் உரியவர், இரண்டையும் எழுதுங்கள்.

பேஸ் வாசிப்பவர் இந்தப் பாட்டில் உங்கள் றிஃபின் அடிச்சுரத்தைப் பிடித்துக்கொண்டு போகிறார். அதைக் கனமாகச் செய்திருக்கிறார், ஆனால் எழுதவில்லை. நானும் பேஸ்காரிதான், மனம் விரும்பிச் சொல்லவில்லை. அவருக்குக் காசில் சமபங்கு என்று இப்போதே எல்லாரும் இருக்கும்போது சொல்லுங்கள். அடுத்த பாட்டை அவருடைய பேஸில் இருந்து தொடங்குங்கள். அந்த முகம் தெளியும்.

கடைசியாக, ஒரு சீ ஆர் கொப்பி (தடித்த மட்டைக் கொப்பி) வாங்குங்கள். பழகும் இடத்திலேயே இருக்கட்டும். ஒரு பாட்டு உருவாகிற அன்றே திகதி போட்டு, எந்தத் துண்டு ஆர் கொண்டுவந்தது, எதை ஆர் மாற்றியது என்று எழுதி நாலு பேரும் கையெழுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் எல்லாருக்கும் எல்லாம் தாங்கள் செய்ததாகத்தான் ஞாபகம் இருக்கும். றிஃபை எண்ணி நூற்றுவீதம் போட வேண்டாம். துண்டு எண்ணத் தொடங்கினால் ஒவ்வொருவரும் தன் துண்டை நுழைக்கப் பார்ப்பார்கள், பாட்டு நீண்டு போகும்.

*

கேள்வி: நான் பாடுறனான், சொல்லும் நான்தான். எங்கட வாடைக்காத்தைப் பற்றி ஒரு பாட்டு எழுதினன். கிற்றார் வாசிக்கிறவர், தமிழ்ச் சொல் றிஃபில ஏறாது, இங்கிலீசில எழுது எண்டுறார். நான் கவிதையைக் குடுத்து றிஃப் போடச் சொல்லுறதோ, அவர் றிஃபைத் தந்து நான் எழுதிறதோ சரி? (சாவகச்சேரி வாசகர்)

பதில்: றிஃப் முதலில், சொல் பிறகு. இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் தமிழ் ஏறாது என்பதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பள்ளிக்கூடத்தில் படித்த யாப்பை வெளியில் எடுங்கள். மெய்டனின் பாட்டுகளில் குதிரை ஓடுகிற மாதிரி ஒரு நடை வரும்: ஒரு நெடிய அடி, இரண்டு குறுகிய அடி. தாதன தாதன. அது நேர் நிரை, அதாவது கூவிளம். அதையே திருப்பிப் போட்டு, குறுகிய அடி இரண்டு முன்னுக்கும் நெடியது பின்னுக்கும் வந்தால் நிரை நேர், புளிமா. சமமான இரண்டு அடி தேமா. றம்ஸை இரண்டு காலாலும் அடிக்கும் டபிள் பெடலில் விடாமல் நாலு நாலாக ஓடினால் கருவிளம். மெற்றல் கிற்றாரின் வலக்கை செய்கிற வேலையில் பெரும்பகுதி இந்த நாலு சீருக்குள் அடங்கிவிடும்.

இனி உங்கள் காற்றுகளைப் பாருங்கள். வாடை தேமா. கச்சானும் கொண்டலும் தேமாதான். சோளகம் கூவிளம், குதிரை நடையில் அப்படியே போய் இருக்கும். பனைமரம் கருவிளம். பனங்காய் புளிமா. நாங்கள் நாளாந்தம் கதைக்கிற சொற்கள் இவை. ஒவ்வொன்றுக்கும் இடம் தயாராக இருக்கிறது.

நீங்கள் எழுதி அனுப்பிய வரிகள் கவிதையாக வடிவாக இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால் ஒரே வரியில் மூன்று விதமான சீர் கலந்து வருகிறது. கிற்றார் ஒரு நடையில் போகிறது, நாக்கு வேறு நடையில் போகிறது. அவர் 'ஏறாது' என்றது இதைத்தான். அவருக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

ஆகவே வேலையை இப்படிப் பிரியுங்கள். அவர் றிஃபை அனுப்பும்போது கூடவே தத்தகாரத்தில் (தாதன, தனதா என்று) வாயால் பாடியும் அனுப்ப வேண்டும். எங்கே நெடில், எங்கே குறில், எங்கே நிறுத்தம் என்று. அது அவருடைய கடமை. நீங்கள் அந்தத் தத்தகாரத்தை ஒரு கடதாசியில் எழுதி அதன் கீழே சொல் வையுங்கள். கிற்றார் கம்பியை உள்ளங்கையால் அடக்கி அடிக்கும் இடத்தில் க்க, ட்ட, த்த, ற்ற போன்ற இரட்டித்த வல்லினம் வரட்டும். அந்த அடியும் அந்த எழுத்தும் ஒரே சத்தம். குரலை உறுமி நீட்டும் இடத்தில் ஆகாரமும் ஓகாரமும் வையுங்கள், தொண்டை திறக்கும்.

அருணகிரிநாதரின் 'முத்தைத்தரு பத்தித் திருநகை' தத்தத்தன தத்தத் தனதன என்ற சந்தத்தில் ஓடுகிறது. நல்லூரில் அதைக் கேட்கும்போதெல்லாம் என் வலக்கை தானாக அசையும். வல்லினம் வரிசையாக வந்து அடிக்கிற அந்த அடியைக் கேட்டுவிட்டு உங்கள் கிற்றார்காரர் பதில் சொல்லட்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் இந்த மொழி அதைச் செய்திருக்கிறது.

*

கேள்வி: என்ர மகன் நாள் முழுக்க ஒரே சின்னத் துண்டைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறான். முழுப் பாட்டு வாசிக்கச் சொன்னா, 'எழுதிறன் அம்மா' எண்டுறான். உண்மையோ? (திருநெல்வேலி வாசகி)

பதில்: உண்மைதான் அம்மா. றிஃப் செய்வது அப்படித்தான். ஒரு சுரத்தை மாற்றி, ஒரு நிறுத்தத்தைத் தள்ளி, திரும்பவும் முதலில் இருந்து. சத்தம் தாங்காவிட்டால் ஹெட்போன் போடச் சொல்லுங்கள். அயலில் சுகமில்லாதவர்கள் இருந்தால் கட்டாயம் போடச் சொல்லுங்கள். நிறுத்தச் சொல்ல வேண்டாம்.

*

கேள்வி: அக்கா, நான் றம்ஸ் அடிக்கிற பிள்ளை. வீட்டில நிறையக் கவிதை எழுதி வச்சிருக்கிறன். குழுவில காட்டினா, 'நீ அடி, எழுதிறது பாடகரின்ர வேலை' எண்டுட்டினம். (பருத்தித்துறை வாசகி)

பதில்: தங்கச்சி, அப்படி ஒரு சட்டம் எங்கேயும் இல்லை. கனடாவின் றஷ் குழுவில் நீல் பியேட் 1974 இல் றம்ஸ் அடிக்கச் சேர்ந்தார். அதன் பிறகு அந்தக் குழுவின் சொற்களில் பெரும்பகுதி அவர் எழுதியதுதான். இசையைக் கெடி லீயும் அலெக்ஸ் லைஃப்சனும் செய்தார்கள், பியேட்டின் சொற்களைப் பாடியவர் லீ. சுவீடனின் மெஷுகா குழுவிலும் றம்ஸ் அடிக்கும் தோமஸ் ஹாக்கேதான் சொற்களில் பெரும்பகுதியை எழுதுகிறார். அவர்களுடைய தாளம் எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தாளத்தை உள்ளே இருந்து அறிந்தவர் சொல் வைத்தால் அது எங்கே விழ வேண்டுமோ அங்கே விழும்.

இது எங்கள் ஊர், தவில் தெட்சணாமூர்த்தி இருந்த ஊர். தாளக்காரர் பின்னால் இருந்து பிடிப்பவர் மட்டும்தான் என்று யாழ்ப்பாணத்தில் ஒருவர் சொல்லலாமா? 1975 இல் தெட்சணாமூர்த்தி காலமானார். இன்றைக்கும் இணுவில், அளவெட்டிப் பக்கம் அவருடைய கையைப் பற்றிக் கதைக்காத நாதஸ்வரக்காரரைக் காண்பது அரிது.

ஒன்று மட்டும். நீங்கள் எழுதியதைப் பாடப்போகிறவர் இன்னொருவர். அவருக்கு மூச்சு எங்கே முடிகிறது என்று பக்கத்தில் நின்று கேளுங்கள், வரியைத் தேவையான இடத்தில் வெட்ட விடுங்கள். கவிதைக் கொப்பி முழுவதையும் கொடுக்காமல், ஏற்கெனவே இருக்கிற ஒரு றிஃபுக்குப் பொருந்துகிற நாலு வரியை எழுதிக்கொண்டு போங்கள். பாடிப் பார்த்தால் மறுக்க மாட்டார்கள்.

*

கேள்வி: எங்கட கிற்றார் அண்ணை மார்கழியில கனடா போறார். மூண்டு பாட்டு அவற்ற றிஃபிலதான் நிக்குது. அவர் போனாப் பிறகு அதுகளை நாங்கள் வாசிக்கலாமோ? அங்கயிருந்து றிஃப் அனுப்புறன் எண்டும் சொல்லுறார். (கோப்பாய் வாசகர்)

பதில்: இந்தக் கேள்வி இந்த மண்ணில் எல்லாக் குழுவுக்கும் ஒருநாள் வரும். அவர் இங்கே இருக்கும்போதே தீருங்கள்.

இலங்கையின் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஒரு பாட்டு உருவான கணமே உரிமையும் உருவாகிவிடுகிறது. எங்கும் பதிய வேண்டியதில்லை. சேர்ந்து செய்ததென்றால் எல்லாரும் சேர்ந்தே உரிமையாளர். சொல் தனி, இசை தனி என்று பிரித்துப் பயன்படுத்தக் கூடியதாக இருந்து, எதை ஆர் செய்தார் என்பதும் தெரிந்தால், அந்தந்தப் பகுதி அவரவருக்கு. அந்த உரிமை, செய்தவர் உயிரோடு இருக்கும் காலமும் இறந்து 70 ஆண்டும் நிற்கும். சேர்ந்து செய்ததில் கடைசியாக இருப்பவர் இறந்த பிறகு 70 ஆண்டு. விமானம் ஏறியதால் ஒருவருடைய உரிமை போய்விடாது. ஆகவே ஒரு தாளில் எழுதுங்கள்: இந்த மூன்று பாட்டையும் குழு மேடையில் வாசிக்கலாம், ஒலிப்பதிவு செய்யலாம், அவருடைய பெயர் இசை என்ற இடத்தில் எப்போதும் இருக்கும், வருமானத்தில் அவருக்கு இவ்வளவு. எல்லாரும் கையெழுத்து. அண்ணை தம்பி என்று பழகியவர்களிடம் தாள் நீட்டக் கூச்சமாக இருக்கும். கூச்சத்தோடு நீட்டுங்கள்.

வேறு குழுவோடோ நிறுவனத்தோடோ அவர் முன்னர் ஏதும் ஒப்பந்தம் எழுதியிருக்கிறாரா என்றும் கேளுங்கள். டிக்கின்ஸன் 1981 இல் மெய்டனுக்கு வந்தபோது பழைய குழுவின் ஒப்பந்தச் சிக்கல் அவரைப் பிடித்திருந்தது. 1982 இசைத்தட்டுப் பாட்டுகளில் அவருடைய பங்கு இருந்தும் பெயர் போட முடியவில்லை. அடுத்த ஆண்டுத் தட்டில்தான் எழுதியவராக அவருடைய பெயர் வந்தது.

தூரத்தில் இருந்து றிஃப் அனுப்புவது நல்லாகவே நடக்கும், ஒரு நிபந்தனையோடு. நிமிடத்துக்கு எத்தனை அடி, கம்பி எந்தச் சுருதியில் என்று இரண்டையும் எழுதி அனுப்ப வேண்டும். வொய்ஸ் நோட்டில் வேகம் விளங்காது. அதைவிட முக்கியம், அனுப்பிய றிஃபை வெட்டவும் நீட்டவும் இங்கே இருப்பவர்களுக்கு அனுமதி வேண்டும். மெற்றல் பாட்டு நாலு பேர் ஒரே அறைக்குள் நின்று, கரண்ட் இருக்கும் நேரம் பார்த்து, சத்தமாக அடித்துப் பார்க்கும்போதுதான் முடிகிறது. அந்த முடிவுவேலை இனி உங்களுடையது. அவர் அதை ஏற்றால் அவரும் எழுதுபவராகத் தொடரட்டும். முதல் மாதங்களில் ஒன்றும் வராது, குளிரும் வேலையும் ஆளை விடாது. நச்சரிக்காமல் இருங்கள்.

*

கேள்வி: எங்கட குழுவில எல்லாத்தையும் நான் ஒருத்தன்தான் எழுதிறன். மற்ற ஆக்களுக்கு அதில விருப்பமும் இல்லை. இது பிழையோ? (மானிப்பாய் வாசகர்)

பதில்: பிழையில்லை. மெகாடெத் குழுவில் டேவ் மஸ்ரெயின் பெரும்பகுதியை எழுதி நாற்பது ஆண்டு தாண்டியும் நடத்தினார். புதிதாக ஒருவர் சேரும்போது, வாசிக்க வருகிறீர்கள், எழுதுவது நான் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். விருப்பமில்லை என்பவர்கள் இடைக்கிடை ஒரு துண்டோடு வந்தால் கேட்டுப் பாருங்கள், நல்லதென்றால் எடுங்கள், எடுத்தால் பெயரைப் போடுங்கள்.

அடுத்த முறை உறுமிப் பாடும்போது தொண்டையைக் காப்பது பற்றி எழுதுகிறேன். அது பற்றிய கேள்விகளை இப்போதே அனுப்புங்கள்; பாட்டையும் சேர்த்து அனுப்பினால் கேட்டுவிட்டுப் பதில் எழுத எனக்குச் சுகம்.